மார்கனும் பட்டறை ஆள்தான்

கண்ணு,

அம்மா அனுப்பிய வாய்ஸ் மெசேஜில் நீலக்குறி விழுந்திருக்கிறது, பதிலைத்தான் காணோம். சரி, வேலை இருக்கும். இங்கே எல்லோரும் சௌக்கியம். மேட்டுக்காடு விவகாரம் அப்படியேதான் கிடக்கிறது, சித்தப்பா பிடி கொடுக்கவில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

ராத்திரி தூக்கம் வராமல் உன் அமெரிக்க சரித்திரக்காரர் எட்மண்ட் மார்கனைத் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். 1942இல் ஹார்வர்டில் டாக்டர் பட்டம் வாங்கிய மனுஷன், உலகப்போர் சமயத்தில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்தில் மெஷினிஸ்டாக நின்று ரேடாருக்கு பார்ட்ஸ் செய்திருக்கிறார்! இத்தனை வருஷம் மார்கன் மார்கன் என்றாயே, இதை ஏன் அப்பாவிடம் சொல்லவில்லை? ஜாபை சக்கில் கட்டி, ஆட்டம் பார்த்து, ஒரு வெட்டு எடுத்து, மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் இருக்கிறதே என்று மறுபடி டூலை நகர்த்துகிற பொறுமை படித்தவர்களுக்கு வராது என்று நான் நினைத்திருந்தேன். அந்த வேலையில் இருந்தபோதே, 1944இல், இங்கிலாந்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய பியூரிட்டன் என்ற கண்டிப்பான கிறிஸ்தவர்களின் குடும்பங்களைப் பற்றிய முதல் புத்தகமும் வந்துவிட்டது.

அதில் ஒரு விஷயம். அந்தப் பியூரிட்டன்கள் பெற்ற பிள்ளைகளை அடுத்தவர் வீட்டில் வளரவிட்டார்களாம். தொழில் கற்க மட்டும் இல்லை, கூடவே வைத்திருந்தால் பாசத்தில் கெடுத்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கலாம் என்கிறார் மார்கன். அம்மாவிடம் சொன்னேன். உன்னை ஆறாவதிலேயே ஹாஸ்டலில் போட்ட கதையை எடுத்துவிட்டாள், அன்றைக்கு ராத்திரி எனக்குத் தோசை இல்லை. ஆனால் அந்த ஹாஸ்டல் இல்லாவிட்டால் நீ அவ்வளவு தூரம் போயிருப்பாயா? போனவன் பேசாமல் இருக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாயோ என்னவோ. ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே.

போன தடவை வந்தபோது பட்டறை ஸ்டூலில் உட்கார்ந்து அவருடைய 1975 புத்தகத்தைச் சொன்னாயே, வர்ஜீனியாக்காரர்களின் சுதந்திரப் பேச்சும் அவர்கள் வைத்திருந்த அடிமைகளும் தனித்தனிக் கதை இல்லை, ஒன்றின் மேல் ஒன்று நின்றது என்று. 1676இல் பேக்கன் என்பவர் கவர்னரை எதிர்த்து நடத்திய கலகத்தில் வர்ஜீனியாவின் தலைநகரான ஜேம்ஸ்டவுனையே கொளுத்தியது, அப்புறம் இங்கிலாந்திலிருந்து வந்த ஒப்பந்தக் கூலிகள் இருந்த இடத்துக்கு அடிமைகள் வரவர புகையிலை முதலாளிகளுக்கு ஏழை வெள்ளைக்காரர்களைப் பற்றிய பயம் தணிந்தது, எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஒப்பந்தம் முடிந்த கூலி நிலம் இல்லாமல் எங்கே போவான் என்று கேட்டேன். அதுதான் என் மூன்றாம் அத்தியாயம் அப்பா என்றாய். லேத் ஓட்டுகிறவன் கேட்ட கேள்வி உன் தீசிஸில் இருக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். அந்த அத்தியாயம் என்ன ஆயிற்று?

கேட்கக் கூடாது என்றுதான் இருந்தேன். பெரியப்பா பையன் உன்னை ஏதோ கிடங்கில், யூனிஃபார்மில் பார்த்ததாகச் சொன்னான். அவன் எதையும் கூட்டித்தான் சொல்வான். உண்மையாகவே இருந்தாலும் அதில் கேவலம் ஒன்றும் இல்லை, மறைப்பதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. உன் மார்கன் போர் முடிந்ததும் மறுபடி வகுப்புக்குப் போனார், பிரௌன் பல்கலைக்கழகத்தில், அப்புறம் 1955இலிருந்து யேல் பல்கலைக்கழகத்தில். 1986இல் ஓய்வு பெற்று, பெஞ்சமின் ஃபிராங்க்ளினைப் பற்றிய புத்தகத்தை 2002இல் போட்டபோது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. மரம் கடைவதில் கெட்டிக்காரராம். கையால் வேலை செய்ததால் அவர் சரித்திரக்காரர் இல்லை என்று ஆகிவிட்டதா?

உன் கைடு ஏதாவது சொன்னாரா? உதவித்தொகை நின்றுவிட்டதா? பணம்தான் என்றால் சொல், பழைய மெஷினுக்கு ஒருவர் விலை கேட்டுக்கொண்டிருக்கிறார். அம்மாவிடம் சொல்ல வேண்டாம் என்றால் என் நம்பருக்கு மட்டும் போடு. பட்டறையில் சத்தம் என்று எடுக்காமல் விடமாட்டேன், மெஷினை ஆஃப் பண்ணிவிட்டு எடுக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா