கெர்னல் திருத்தத்தை இனியும் தள்ளிப்போடாதீர்கள்: கணினி மையத்திற்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கணினி மைய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். கடந்த சனிக்கிழமை இரவு பல்கலைக்கழகத்தின் பொதுச் சர்வர் உறைந்துபோனதன் பின்னணியை நீங்கள் அறிவீர்கள். பயனர் ஒருவரின் சோதனை நிரல், நிர்வாகிக்குரிய ரூட் அனுமதி ஏதுமின்றி, லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை முடக்கிவிட்டதாக உங்கள் அறிக்கையே கூறுகிறது. அதற்கான திருத்தம் முன்பே வெளிவந்துவிட்டது என்பதையும், ஏனோ கடைசி வரியில், அதே அறிக்கை ஒப்புக்கொள்கிறது. கெர்னலைப் புதுப்பித்துச் சர்வரை ரீபூட் செய்யுங்கள் என்று கேட்பதே இம்மடலின் நோக்கம்.

கெர்னல் உறைந்தபின் தொலைவிலிருந்து சர்வரை இயக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வழியாக உள்ளே நுழைய முடியாது. யாராவது நேரில் சென்று பவர் பொத்தானை அழுத்தியாக வேண்டும். அறைச் சாவி வைத்திருப்பவரோ திங்கட்கிழமை காலைதான் வந்தார். இடைநிலை முடிவுகளைச் சேமிக்கும் வசதியில்லாத பழைய மென்பொருளில் புரத மூலக்கூறுக் கணக்கீட்டை ஓட்டிக்கொண்டிருந்த முனைவர் பட்ட மாணவி ஒருவர், ஆய்வேடு சமர்ப்பிக்க வேண்டிய இந்த மாதத்தில், அதை முதலிலிருந்து தொடங்கியிருக்கிறார். அவரிடம் ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்க மையத்திலிருந்து எவரும் முன்வரவில்லை.

கணக்கு வைத்திருப்பவரால் மட்டுமே இதைச் செய்ய முடியும், தரவும் கசியாது, ஆகவே இது நடுத்தர அபாயமே என்கிறீர்கள். பாதுகாப்புக் குறைபாடுகளின் கடுமையைப் பத்துக்கு மதிப்பிடும் சிவிஎஸ்எஸ் 3.1 அளவுகோலில் இத்தகைய குறைபாட்டுக்கு 5.5 மதிப்பெண் கிடைப்பது உண்மைதான். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் மடிக்கணினிக்கு அந்த மதிப்பீடு பொருந்தலாம். முதலாமாண்டு மாணவர் முதல் வருகைதரு ஆய்வாளர் வரை எல்லோருக்கும் கணக்கு கொடுத்திருக்கும் சர்வரில் அதை எப்படி ஏற்பது? மதிப்பெண், உயர் அபாயம் தொடங்கும் 7-ஐத் தொடும்வரை சர்வர் பொறுமை காக்கும் என்று மையம் நம்புகிறது போலும். நிரல்களைத் தனித்தனியே அடைத்துவைக்கும் கன்டெய்னர்களாகச் சர்வரைப் பிரித்திருப்பதும் காப்பாற்றாது. அத்தனைக்கும் கெர்னல் ஒன்றே.

எத்தனை கோப்புகளைத் திறக்கலாம் என்பது போன்ற வரம்புகளைப் பயனருக்கு விதித்திருக்கிறோம் என்ற பதிலும் போதாது. 2010 நவம்பரில், ஒரே கணினியில் ஓடும் நிரல்கள் தமக்குள் தகவல் பரிமாறும் இணைப்புகளான யூனிக்ஸ் சாக்கெட்டுகளை ஒன்றன் வழியாக மற்றொன்றை அனுப்பிக்கொண்டே இருந்த ஒரு சிறு நிரல், கெர்னல் அவற்றை உரிய நேரத்தில் அப்புறப்படுத்தாததால், கணினியையே உறையவைத்தது. திறந்த கோப்புகளைச் சாக்கெட் வழியே அனுப்பிவிட்டு மூடினால் அவை பயனரின் வரம்பில் சேராது என்ற ஓட்டையோ, பாதுகாப்புக் குறைபாடுகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2013-4312 என்று எண்ணிடப்பட்டு, 2016-இல் வந்த கெர்னலின் 4.4.1 பதிப்பில்தான் அடைபட்டது. வரம்பைக் கணக்கிடுவதும் கெர்னல்தான். அதிலேயே குறை இருக்கும்போது திருத்தம் ஒன்றே வழி.

ரீபூட் செய்தால் பயனர்களுக்கு இடையூறு ஏற்படும் என்ற தயக்கம் புரிகிறது. விருந்தினர் வருகைக்காகச் சர்வர் அறைக்கு வண்ணம் பூசியபோது அந்தத் தயக்கம் எங்கே போயிற்று என்பதுதான் புரியவில்லை. முழு நாளும் சர்வரை நிறுத்தினீர்கள்; நாங்களும் பொறுத்துக்கொண்டோம்.

எனவே, கெர்னலைப் புதுப்பித்துச் சர்வரை ரீபூட் செய்யப்போகும் நாளையும் நேரத்தையும் இந்த வாரத்திற்குள் அறிவிக்குமாறும், விடுமுறை நாட்களில் அறைச் சாவி காவலர் அறையில் இருக்க ஏற்பாடு செய்யுமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பொதுச் சர்வரின் பயனர்களுள் ஒருவர்