பிராக் நகருக்கு அரை நாள் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு இணைப்பில் வெளியான ஐரோப்பியச் சுற்றுலாக் கட்டுரையில், செக் குடியரசின் தலைநகரான பிராக் நகருக்கு ஒரே ஒரு பத்தி ஒதுக்கப்பட்டிருந்தது. வியன்னாவிலிருந்து பெர்லின் செல்லும் வழியில் நண்பகல் இறங்கி, பழைய நகரத்து வானியல் கடிகாரத்தையும் சார்லஸ் பாலத்தையும் பார்த்துவிட்டு மாலையில் பேருந்து ஏறிவிடலாம், அரை நாள் தாராளம் என்று அதில் எழுதியிருந்தார்கள். அங்கே யூரோ செல்லும் என்றும் இருந்தது. இந்த இரண்டாவது பிழையைத் திருத்துவது எளிது: செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் உறுப்பு நாடாக இருந்தாலும் அதன் நாணயம் கொருனாதான். சில கடைகளில் யூரோவை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் வைத்ததே மாற்று விலை. முதல் பிழையைத் திருத்தத்தான் சற்று விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

அந்த அரை நாளை நானே அனுபவித்தவன். பணி ஓய்வு பெற்ற ஆண்டில், பத்து நாளில் ஏழு நாடுகள் காட்டும் குழுச் சுற்றுலா ஒன்றில் நானும் என் மனைவியும் சேர்ந்தோம். பழைய நகரச் சதுக்கத்தில் கடிகாரத்தின் முன் இருபது நிமிடம் நிறுத்தினார்கள். மணி அடிக்கும் நேரம் வந்ததும் எலும்புக்கூட்டு உருவம் கயிற்றை இழுத்தது, மேலே இரண்டு சன்னல்கள் திறந்து திருத்தூதர்கள் பன்னிருவரும் வரிசையாக நகர்ந்தார்கள், சேவல் கூவியது, சன்னல்கள் மூடிக்கொண்டன. கைப்பேசிகளை உயர்த்திப் பிடித்திருந்த கூட்டம் 'இவ்வளவுதானா' என்று கலைந்தது, நாங்களும் கலைந்தோம். பாலத்தில் தோளோடு தோள் இடித்து நடந்ததும், இரவு நகரத்துக்கு வெளியே நெடுஞ்சாலையோர விடுதி ஒன்றில் தூங்கியதும் தவிர அந்தப் பயணத்தில் பிராக் பற்றி எனக்கு வேறு எதுவும் நினைவில்லை. சில ஆண்டுகள் கழித்து, ஒரு செப்டம்பர் இறுதியில், குழு எதுவுமின்றி நாங்கள் இருவரும் ஐந்து இரவுகள் அங்கே தங்கிய பிறகுதான் எவ்வளவைத் தவறவிட்டிருந்தோம் என்பது தெரிந்தது.

அந்தக் கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கூட்டம் பார்த்துவிட்டுப் போகும் பொம்மைகள் பின்னாளில் சேர்க்கப்பட்டவை. 1410 இல் செய்யப்பட்டது கீழே இருக்கும் வானியல் முகப்பு; அதைப் படிக்க நம் வீட்டுப் பஞ்சாங்கம் புரட்டிய பழக்கமே பாதி போதும். இராசி வளையம் ஒன்று சுழல்கிறது. அதன்மேல் சூரியனும் சந்திரனும் எந்த இராசியில் நிற்கின்றன என்பது தெரிகிறது. சந்திரனைக் குறிக்கும் சிறு உருண்டை தானே திரும்பி வளர்பிறை தேய்பிறை காட்டுகிறது. வெளிவளையத்தில் உள்ள 24 எண்கள் பழைய செக் முறைப்படி சூரியன் மறையும் நேரத்திலிருந்து மணியைக் கணக்கிடுகின்றன. அதனால் அந்த வளையம் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக இடம் மாறிக்கொண்டே இருக்கிறது. நாம் உதயாதி நாழிகை என்று சூரிய உதயத்திலிருந்து எண்ணியதை அவர்கள் அஸ்தமனத்திலிருந்து எண்ணியிருக்கிறார்கள். நாங்கள் நின்ற அன்று கடிகாரத்தில் சூரியன் துலாத்தில் இருந்தது. "இன்னும் புரட்டாசிதானே, கன்னியில் அல்லவா இருக்க வேண்டும்?" என்று என் மனைவி கேட்டார். சரியான கேள்விதான். அவர்கள் கணக்கில் சூரியன் மேஷத்தில் நுழைவது மார்ச் 20, 21 வாக்கில், நம் கணக்கில் சித்திரை முதல் நாள். சம பகலிரவு நாளை வைத்து எண்ணும் சாயனம், விண்மீன்களை வைத்து எண்ணும் நிரயனம் என்ற இந்த வேறுபாட்டை ஒரு நகரச் சதுக்கத்தில் நின்று கண்ணால் பார்க்கும் வாய்ப்பு எங்கும் கிடைத்துவிடாது. பொம்மை ஊர்வலம் காலை ஒன்பது மணிக்குத்தான் தொடங்கும் என்பதால், எட்டு மணிக்குப் போனால் முகப்பை நிதானமாகப் பார்க்கலாம்.

அதே சதுக்கத்தில் தீன் தேவாலயத்துக்குள் வானியலாளர் டைக்கோ பிராகியின் கல்லறை இருக்கிறது. அவர் 1601 இல் இந்நகரில்தான் இறந்தார். அவருடைய அளவீடுகளை வைத்துக்கொண்டு கோள்களின் பாதை நீள்வட்டம் என்று கெப்ளர் கண்டறிந்ததும், 1609 இல் தம் கோள் இயக்க விதிகளில் முதல் இரண்டை வெளியிட்டதும் கெப்ளர் பிராக்கில் பணியாற்றிய காலத்தில்தான். வெளியே தரையில் 27 வெள்ளைச் சிலுவைகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆஸ்திரிய அரச குலமான ஹாப்ஸ்பர்க் ஆட்சியை எதிர்த்துத் தோற்ற 27 பேரை 1621 ஜூன் 21 அன்று கொன்ற இடம் அது. எங்கள் முதல் பயணத்தில் வழிகாட்டி அதன்மேல் நின்றுகொண்டுதான் கழிவறை எந்தப் பக்கம் என்று சொல்லிக்கொண்டிருந்தார் என நினைக்கிறேன்.

பாலத்தைப் பார்க்க வேண்டிய நேரம் விடியற்காலை. பேரரசர் நான்காம் சார்லஸ் 1357 இல் அடிக்கல் நாட்டிய, 516 மீட்டர் நீளமுள்ள அந்தக் கல் பாலத்தின் இருபுறமும் நிற்கும் 30 சிலைத் தொகுதிகளில் பெரும்பாலானவை இன்று நகல்கள். மழையும் புகையும் அரித்த மூலச் சிலைகளைத் தேசிய அருங்காட்சியகத்தின் கற்சிலைக் கூடத்திலும் விஷெராத் கோட்டையிலும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். சூரியன் எழும் முன் நாங்கள் போனபோது வல்தவா ஆற்றின்மேல் மூடுபனி இருந்தது. திருமண உடையில் புகைப்படம் எடுக்க வந்திருந்த இரண்டு இணைகளையும், ஓட்டப் பயிற்சி செய்த சிலரையும் தவிர ஆளில்லை. பத்து மணிக்கு அதே இடத்தில் நம் தேர்த் திருவிழாக் கூட்டம். வெடிமருந்துக் கோபுரத்திலிருந்து சதுக்கம், பாலம் வழியாகப் பிராக் கோட்டைக்குச் செல்லும் அரசர்களின் முடிசூட்டுப் பாதையில்தான் அத்தனை பேருந்துக் கூட்டமும் ஒரே நேரத்தில் நடக்கிறது. அந்த நெரிசலில் நாமும் ஒரு பங்கு என்பதை அரை நாள் பயணத்தைப் பரிந்துரைப்பவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். உள்ளூர் மக்களின் பொறுமையும் குறைந்துவருகிறது. வழிகாட்டி வைத்து மதுக்கடை மதுக்கடையாகக் கூட்டிச் செல்லும் இரவுச் சுற்றுகளை, இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை, 2024 இல் மாநகராட்சியே தடை செய்துவிட்டது.

கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயம் 1344 இல் தொடங்கி 1929 இல் முடிந்தது என்பதை மட்டும் சொல்லி மேலே செல்கிறேன். அதைப் பற்றி எல்லா வழிகாட்டி நூல்களிலும் இருக்கிறது. ஆற்றங்கரைத் தேசிய நாடக அரங்கைப் பற்றித்தான் நம் பயணக் கட்டுரைகளில் யாரும் எழுதுவதில்லை. ஜெர்மன் மொழி கோலோச்சிய காலத்தில், செக் மொழிக்கென ஓர் அரங்கு வேண்டும் என்று மக்கள் காசு சேர்த்துக் கட்டி, 1881 இல் திறந்த சில வாரங்களிலேயே அது தீக்கிரையானது. 47 நாட்களில் மீண்டும் நிதி திரட்டி 1883 இல் மறுபடி திறந்தார்கள். 'தேசம் தனக்கே' என்று பொருள்படும் இரண்டு செக் சொற்கள் மேடைக்கு மேலே பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒரு மொழிக்காக மக்கள் உண்டியல் குலுக்கிய கதை தமிழ் வாசகருக்குப் புரியாமல் போகாது. மொசார்ட் 1787 இல் தம் 'டான் ஜியோவானி' இசை நாடகத்தைத் தாமே நடத்தி முதன்முதலாக அரங்கேற்றிய எஸ்டேட்ஸ் அரங்கும் இன்றுவரை இயங்கிவருகிறது. இவை இரண்டும் பெரும்பாலும் மாலைக்கு மேல் உயிர் பெறுபவை. அந்த நேரத்தில் சுற்றுலாப் பேருந்து நெடுஞ்சாலையில் இருக்கும்.

யூதர் குடியிருப்பான யோசெபோவில் பின்காஸ் தொழுகைக் கூடத்துக்குள் போனால் சுவர் முழுவதும் பெயர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட செக் நாட்டுப் பகுதிகளான பொஹிமியா, மொராவியாவைச் சேர்ந்த யூதர்கள் ஏறத்தாழ 78,000 பேரின் பெயர்களைக் கையால் எழுதியிருக்கிறார்கள். அவசரமாக நுழைந்து வெளியேற முடிகிற இடமல்ல அது.

தங்குமிடம் பற்றியும் கட்டுரையில் பயனுள்ள செய்தி இல்லை. பழைய நகரத்துக்குள் மடாலயத்தையும் மாளிகையையும் மாற்றியமைத்த அழகான ஓட்டல்கள் உண்டு; விலையும் அதற்கேற்ப இருக்கும். நாங்கள் தங்கியது வினொஹ்ராடி என்ற குடியிருப்புப் பகுதியில், சமையலறையுடன் கூடிய ஒரு சிறு வீட்டில். டிராமில் கால் மணி நேரத்தில் நகர மையம். பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் இருக்காது என்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் பதிவு செய்யும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 50 கொருனா நகர வரியைத் தனியாகக் கேட்டால் ஏமாற்றுகிறார்கள் என்று எண்ண வேண்டாம். டிராம் சீட்டை வாங்கினால் மட்டும் போதாது, மஞ்சள் பெட்டியில் செருகி நேரம் பதிக்க வேண்டும். பதிக்காத சீட்டும் சீட்டில்லாததும் பரிசோதகருக்கு ஒன்றே. நாணயமாற்றுக் கடையில் மோசமான விலைக்கு மாற்றிவிட்டால், 1,000 யூரோ வரையிலான பரிமாற்றத்தை மூன்று மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதை மட்டும் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். சைவ உணவுக்காரர்களுக்குச் செக் சமையல் தாராளமானது என்று சொல்ல மாட்டேன். வறுத்த பாலாடைக்கட்டியும் உருளைக்கிழங்கு அடையும் மூன்றாம் நாள் அலுத்துவிட, எங்களை அந்தச் சிறு சமையலறையும் கொண்டுபோன புளிக்காய்ச்சலும் காப்பாற்றின.

கடைசியாக ஒன்று. தமிழ் நாளிதழில் பிராக் பற்றி எழுதும்போது கமில் சுவெலபில் பெயர் வராதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. 1927 இல் அந்நகரில் பிறந்து, தமிழைக் கற்று, நம் இலக்கியத்தையும் அதன் வரலாற்றையும் உலகம் படிக்கும்படி ஆங்கிலத்தில் எழுதியவர் அவர். 1968 இல் சோவியத் படைகள் நுழைந்த பிறகு தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்தது. சங்கப் பாடல்களில் வரும் செடிகொடிகளையும் விலங்குகளையும் ஆராய்ந்த யாரோஸ்லாவ் வாசெக் தமிழ் கற்பித்தது 1348 இல் தொடங்கப்பட்ட சார்லஸ் பல்கலைக்கழகத்தில். அதன் கலைப்புலக் கட்டடம் பாலத்திலிருந்து ஆற்றங்கரையோடு நடந்து செல்லும் தொலைவில்தான் இருக்கிறது. அடுத்த ஞாயிறு இணைப்பில் நாணயம் பற்றிய திருத்தத்தை வெளியிடும்போது, இந்த இருவரைப் பற்றியும் ஒரு பத்தியாவது சேர்க்குமாறு வேண்டிக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
கும்பகோணம்.