மூன்று கல்யாணக் கதையா? வாசகர் வட்டத் தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம். போன மாதம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாடியறையில் அடுத்த ஆண்டுக்கான நாவல் பட்டியலை வாசித்தீர்கள். இனவெறியையும் பெண்ணடிமையையும் பேசும் செவ்வியல் நாவல்களுக்கென்று நான்கு இடம் ஒதுக்கியிருந்தது நல்ல காரியம். நான் சொன்ன, அமெரிக்கக் கறுப்பினப் பெண் எழுத்தாளர் ஜோரா நீல் ஹர்ஸ்டனின் ‘தேர் ஐஸ் வேர் வாட்சிங் காட்’ மட்டும் அதில் இல்லை. கேட்டதற்கு, “அது ஒரு பொம்பளையோட மூன்று கல்யாணக் கதைங்க, இனப் பிரச்சினை ஓரமாத்தான் வருது” என்றார் உங்களில் ஒருவர்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. 1937இல் நாவல் வெளிவந்தபோது ரிச்சர்ட் ரைட்டும் ஏறக்குறைய இதையேதான் சொன்னார். அவரும் கறுப்பின எழுத்தாளர், பெரிய கை. நாவலில் கருவும் இல்லை, செய்தியும் இல்லை என்பது அவர் தீர்ப்பு. புத்தகம் பிறகு அச்சிலேயே இல்லாமல் போனது. ஹர்ஸ்டன் 1960இல் வறுமையில் இறந்தார். புதைத்த இடத்தில் பெயர்க்கல்கூட இல்லை. 1973இல் எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர் புளோரிடாவில் புதர்மண்டிய அந்த மயானத்தைத் தேடிப்போய்க் கல் நட்டார். 1975இல் அதைக் கட்டுரையாக எழுதினார், 1978இல் மறுபதிப்பு வந்தது. இன்று அது கல்லூரிப் பாடம்.

சரி, ‘ஓரமாக’ வரும் இனப் பிரச்சினைக்கு வருகிறேன். 1928இல் புளோரிடாவின் ஒக்கிசோபி ஏரிக்கரையை உடைத்த புயல் நாவலில் வருகிறது. புயல் ஓய்ந்ததும் நாயகி ஜேனியின் மூன்றாம் கணவன் டீ கேக்கைத் துப்பாக்கி முனையில் பிணம் புதைக்க இழுத்துப் போகிறார்கள். வெள்ளையருக்குப் பெட்டி, கறுப்பருக்குக் குழி. ஆனால் தண்ணீரில் ஊறிய உடம்பில் நிறம் தெரியவில்லை. அப்போது காவலன் சொல்கிறான்: முடியைப் பார்.

அதே முடிதான், முன்னே வேறு கையில் இருந்தது. ஜேனியின் நீளக் கூந்தலை இன்னொருவன் தொட்டுவிட்டான் என்று இரண்டாம் கணவன் ஜோ, கடையில் நிற்கும்போதெல்லாம் அவள் தலையைத் துணியால் கட்டவைக்கிறான். அவன் செத்த பிறகுதான் அந்தத் துணிகளை அவள் எரிக்கிறாள். கட்டச் சொன்னவன் கணவன், பார்க்கச் சொன்னவன் காவலன். இரண்டும் ஒன்று என்று ஹர்ஸ்டன் எங்கேயும் விளக்கவில்லை. நாமே கண்டுபிடிக்கிறோம், அதனால் மறக்க முடிவதில்லை. என் கணக்கில் செவ்வியல் என்பது அதுதான்.

என் அம்மா கெடா ரப்பர்த் தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய், தோட்டக் கணக்கரான கிராணியிடம் பேச்சு வாங்கி, வீட்டுக்கு வந்தால் அப்பாவுக்குச் சுடுதண்ணி. சம்பளம் அப்பா கைக்குத்தான் போகும். தோட்ட நிர்வாகியான துரையைக் கண்டால் தோளில் கிடக்கும் துண்டை இடுப்புக்கு இறக்கும் அப்பா, லயத்து வீட்டுக்குள் துரை. நம் தோட்டத்துக் கதைகள் பலவற்றில் முதல் துரை இருக்கிறார், இரண்டாவது துரை இல்லை. அம்மா மாதிரிப் பெண்கள் அழுவதற்கு மட்டும் வந்துபோகிறார்கள். அம்மா பக்கத்து நிரைக்காரிகளோடு சேர்ந்து கிராணி நடக்கிற மாதிரி நடந்து காட்டி வயிறு வலிக்கச் சிரித்தவர். அந்தச் சிரிப்பை, ஜேனியின் ஊரார் கூடிக் கதையளக்கும் திண்ணையில்தான் நான் திரும்பக் கேட்டேன்.

குறையில்லாத நாவல் என்று சொல்லவரவில்லை. டீ கேக் ஜேனியை அடிக்கிறான். நாவல் அதைக் கடந்துபோகிற வேகம் எனக்கு இன்றும் உறுத்துகிறது. அதைத்தானே கூட்டத்தில் உட்கார்ந்து பேச வேண்டும்?

தேர்ந்தெடுத்த நான்கில் எதையும் எடுக்க வேண்டாம், ஐந்தாவதாக ஒரு மாதம் கொடுங்கள். உரையாடல் முழுக்கக் கறுப்பினத்தவரின் பேச்சு வழக்கு. முதல் பத்துப் பக்கம் கடிக்கும், வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். புயல் அத்தியாயத்தை நானே படித்துக் காட்டுகிறேன். அப்புறம், தே தாரேக் தேநீர் என் செலவு.

இப்படிக்கு,
பின்வரிசை உறுப்பினர், செந்தூல்