கற்றல் வட்டத்துக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புடையீர்,

இந்தப் பருவத்தோடு நான் வேறு பள்ளிக்கு மாற்றலாகிறேன். நம் வட்டாரப் பள்ளிகளின் முதல்வர்கள், துணை முதல்வர்கள், துறைத் தலைவர்கள் கூடும் கற்றல் வட்டத்தின் ஒருங்கிணைப்புப் பணியும் கைமாறுகிறது. கூட்டத்தில் சொல்ல நேரம் கிடைக்காத சில நன்றிகளை இங்கே எழுதிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஒவ்வொரு பள்ளி மாவட்டத்துக்கும் தனித் தலைமை உண்டு. அவர்கள் கூடிக் கற்பதன் தேவை சட்டென்று புரியும். இங்கே சிங்கப்பூரில் ஒரே கல்வி அமைச்சு. பள்ளிகளைக் குழுகுழுவாகச் சேர்த்து ஒரு கண்காணிப்பாளரின் கீழ் வைக்கும், 1997இல் தொடங்கிய தொகுதி முறையும் இருக்கிறது. “எல்லாருக்கும் ஒரே சுற்றறிக்கைதானே வருகிறது, கூடிப் பேச என்ன இருக்கிறது?” என்று கேட்டார்கள். சுற்றறிக்கை ஒன்றுதான். பள்ளிக்குள் வந்ததும் அது ஆளுக்கொரு விதமாக நடக்கிறது. அந்த வித்தியாசத்தில்தான் வசதி குறைந்த பிள்ளை மாட்டிக்கொள்கிறது.

உணவு உதவியையே எடுத்துக்கொள்வோம். தகுதியுள்ள பிள்ளைகளில் எத்தனை பேர் உண்மையில் சாப்பிடுகிறார்கள் என்ற கணக்கை ஒரு துணை முதல்வர் எங்கள் முன் வைத்தார். நன்றாக இல்லாத கணக்கு. கேண்டீனில் கூப்பனை நீட்டக் கூச்சப்பட்டுப் பலர் பட்டினி கிடந்திருக்கிறார்கள். இன்னொரு பள்ளி உதவித்தொகையை மாணவர் அட்டையிலேயே ஏற்றிவிட்டதால் யார் பணம், எந்தப் பணம் என்று யாருக்கும் தெரிவதில்லை. அந்த யோசனை அன்றைக்கே பரவியது. ஆனால் என் முதல் நன்றி, யோசனை சொன்னவரைவிட, கணக்கை மறைக்காமல் காட்டிய அந்தத் துணை முதல்வருக்கு. அதற்குப் பிறகுதான் மற்றவர்களும் தங்கள் கோப்புகளைத் திறந்தார்கள்.

அடுத்தது, தனிப் பள்ளி எதுவும் தீர்த்திருக்க முடியாத சிக்கல். உயர்நிலைப்பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லாவிட்டால் பிள்ளை பள்ளி முடிந்ததும் வேறிடம் போய்ப் படிக்க வேண்டும். பீட்டி ரோட்டிலுள்ள உமறுப் புலவர் தமிழ்மொழி நிலையம் அதற்காகவே இருக்கிறது. போகும் நாளிலேயே விளையாட்டு, சீருடைக் குழு போன்ற இணைப்பாட நடவடிக்கை வந்தால்? சீருடைக் குழுவில் சேர ஆசைப்பட்ட பிள்ளை தமிழா, குழுவா என்று தவிக்கும். எந்த மாணவர் எந்த நாளில் போகிறார் என்று பட்டியல் எடுத்து, கால அட்டவணையோடு மல்லுக்கட்டிப் பயிற்சி நாளை மாற்றிக்கொடுத்த துறைத் தலைவர்களுக்கு நன்றி. அவர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசாதவர்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

2024இல் மாணவர்களைத் தரம் பிரித்த விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிவுகள் உயர்நிலை ஒன்றில் போய், பாடத்துக்குப் பாடம் ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகள் வந்தபோது பெற்றோருக்கு ஒரே குழப்பம். தமிழில் பேசி விளக்கிய தமிழாசிரியர்களுக்கும், துணைப்பாட வகுப்பு முடிந்தபின் பெற்றோரை உட்காரவைத்துப் பேசிய சிண்டா (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) தொண்டூழியர்களுக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். “எந்தப் பிரிவு?” என்று உறவினர்கள் கேட்பது மட்டும் இன்னும் நிற்கவில்லை. சரி, அதற்கும் காலம் வரும்.

தொகுதிக் கண்காணிப்பாளர் ஐயா எங்கள் கூட்டங்களுக்கு வந்து, குறிப்பெடுக்காமல் உட்கார்ந்தார். மேலதிகாரி பேனாவை மூடிவைத்தால் பேச்சு எவ்வளவு இயல்பாகிறது என்பது அந்த அறையில் இருந்தவர்களுக்குத் தெரியும். நன்றி ஐயா.

அப்புறம், அலுவலகப் பணியாளர்கள். உதவிப் படிவத்தைப் பாதியில் விட்டுப்போன குடும்பங்களை முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான். அவர்களையும் வட்டத்துக்கு அழைக்க வேண்டும் என்று நான் நச்சரித்தது உங்களுக்கு நினைவிருக்கும். அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு அனுப்பியாயிற்று. பேசுபொருள், நெடுநாள் பள்ளிக்கு வராத பிள்ளைகள். வருகைப் பதிவை எல்லாரும் கொண்டுவாருங்கள், நல்ல மாதங்களை மட்டும் பொறுக்கியெடுக்காமல்.

நன்றியுடன்,
உங்கள் முன்னாள் ஒருங்கிணைப்பாளர்