நாங்கள் தொழில் நலிந்து வரவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் மியான்மர் ராணுவ ஆட்சி பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2021 பிப்ரவரியில் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது வரை விவரமாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் நடுவில் ஒரு வரி: '1960களில் இந்திய வணிகர்கள் பலர் தொழில் நலிந்து தாயகம் திரும்பினர்.' அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

தொழில் நலியவில்லை ஐயா, பிடுங்கிக்கொண்டார்கள். 1962 மார்ச்சில் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். மறு வருடம் வங்கிகள் அரசுடைமை. 1964 மார்ச்சில் கடைகள். ரங்கூன் மொகல் தெருவில் அப்பா சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தார். எனக்கு 9 வயது. சிப்பாய்கள் வந்து சரக்கைக் கணக்கெடுத்து, சாவியை வாங்கிக்கொண்டு சீல் வைத்தார்கள். உள்ளே மாட்டியிருந்த முருகன் படத்தையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று அப்பா கேட்டார். அதுவும் கணக்கில் ஏறிவிட்டது என்றார்கள். சரி, கையில் இருக்கும் பணத்தை வைத்துச் சமாளிக்கலாம் என்றால், மே 17 அன்று 50, 100 கியாட் (பர்மா பணம்) நோட்டு செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள்.

அடுத்த வருடம் கப்பல் ஏறும்போது, துறைமுகச் சோதனையில் 4 வயதுத் தங்கையின் கம்மலையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். துளை தூர்ந்துவிடக் கூடாதென்று அம்மா ஈர்க்குச்சியைக் கிள்ளிச் செருகிவிட்டார். அந்தக் காதோடுதான் அவள் சென்னையில் இறங்கினாள்.

கட்டுரையாளர் வட்டித் தொழிலைச் சொன்னது சரிதான். 1930களின் பொருளாதார மந்தத்தில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால் பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. உழுதவனின் கோபத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் யாருக்கு வட்டிக்கு விட்டார்கள்?

பர்மியர்களையும் ராணுவம் விடவில்லை. 1962 ஜூலையில் ரங்கூன் பல்கலைக்கழக மாணவர்களைச் சுட்டுவிட்டு, மறுநாள் மாணவர் சங்கக் கட்டடத்தையே வெடி வைத்துத் தகர்த்தார்கள். போருக்கு முன் உலகத்திலேயே அதிகமாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு, 1987இல் ஐ.நா.வின் மிகவும் பின்தங்கிய நாடுகள் பட்டியலில் சேர்ந்தது. அதே வருடம் 25, 35, 75 கியாட் நோட்டுகளையும் இழப்பீடே இல்லாமல் செல்லாதவை ஆக்கினார்கள். கட்டுரையில் ராணுவ ஆட்சியை எதிர்த்த 1988 மக்கள் எழுச்சி இருக்கிறது, இந்த நோட்டு விஷயம் இல்லை. சேர்த்த காசு ஒரே நாளில் போனவனின் வயிற்றெரிச்சலைச் சொல்லாமல் 88ஐ எப்படிச் சொல்வது?

அப்புறம், இரண்டு வருடம் முன்பு பர்மா நூடுல்ஸ் உணவான அத்தோ பற்றி இரண்டு பக்கம் போட்டீர்கள். அந்தக் கடைக்காரர்கள் ஏன் இங்கே வந்தார்கள் என்று ஒரு வரி இல்லை. அப்போதும் எழுதினேன், பதில் வரவில்லை. பள்ளியில் வாத்தியாரே என்னை 'பர்மா அகதி' என்றுதான் கூப்பிடுவார். அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். உங்கள் இதழில் இப்படி ஒரு வரி வந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தம் போடுங்கள்: 'கடையையும் பணத்தையும் பறிகொடுத்து வெளியேறினர்.' அது போதும். நான் படித்து முடித்ததும் தங்கை இதழை வாங்கிக்கொண்டு போவாள். இந்த முறை இன்னும் கொடுக்கவில்லை. திருத்தம் வந்த பிறகு இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
பழைய சந்தாதாரர்,
வியாசர்பாடி, சென்னை