பிக்காஸை ஓங்குவதற்கு முன்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வாரச் சிறுவர் பக்கத்தில் மைன்கிராஃப்ட் கணினி விளையாட்டில் வைரம் தேடுவது பற்றி வந்திருந்ததை வீட்டில் எல்லோரும் படித்தோம். மகிழ்ச்சி. ஆனால் ஒய் (விளையாட்டில் உயரத்தைக் காட்டும் எண்) 11-ஆம் மட்டத்தில் தோண்டச் சொல்லியிருப்பது பழைய கணக்கு. 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலேயே அடித்தளம் −64 வரை இறங்கிவிட்டது. கீழே போகப் போகத்தான் வைரம் கூடும். இப்போது −59-ஐ ஒட்டிச் சுரங்கம் வெட்டுவதுதான் பலன் தரும்.

"கண்டதும் வெட்டிவிடுங்கள்" என்ற வரிதான் என்னை எழுத வைத்தது. கல் பிக்காஸால் அடித்தால் வைரத்தாது உடையும், கையில் ஒன்றும் வராது. இரும்பு பிக்காஸாவது வேண்டும். முதல் ஐந்து வைரம் கிடைத்ததும் வாள் செய்யத் தோன்றும். வேண்டாம். மூன்றில் பிக்காஸ், அதைக் கொண்டு அப்சிடியன் என்ற எரிமலைப் பாறையைப் பெயர்த்து, அதோடு மீதி இரண்டையும் சேர்த்து, கருவிகளுக்கு மந்திரம் ஏற்றும் மந்திர மேசை. அப்புறம் கிடைக்கும் தாதுவை, கிடைப்பதைப் பெருக்கித் தரும் ஃபார்ச்சூன் 3 மந்திரம் ஏறிய பிக்காஸ் கைக்கு வரும்வரை அப்படியே விட்டுவையுங்கள். பத்துத் தாதுக்கு சராசரியாக 22 வைரம் தேறும்.

அமெதிஸ்ட் என்ற ஊதாப் படிகத்தில் அவசரப்பட்டால் இழப்பு இன்னும் பெரிது. நானும் என் தங்கை மகளும் ஒரே உலகத்தில் விளையாடுகிறோம். முதன்முதலில் ஊதாக் குகை ஒன்றைக் கண்டபோது, கால் வைத்த இடமெல்லாம் கிணுகிணு என்று சத்தம். சந்தோஷத்தில் அவள் எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளினாள். படிகம் முளைக்கும் தாய்க்கல்லான மொட்டு விடும் கட்டிகளும் போயின. அவற்றை, எதையும் உடையாமல் முழுதாக எடுக்க உதவும் சில்க் டச் மந்திரம் ஏறிய பிக்காஸாலும் எடுத்து வர முடியாது. உடைத்தால் போனது போனதுதான். விட்டுவைத்தால் அதன்மேல் படிகம் நான்கு நிலைகளில் வளரும். முற்றியதை வெட்டினால் நான்கு சில்லு, விளையாட்டின் கணக்கில் சில நாளில் மறுபடி முளைக்கும். அன்று அவள் அழுதே விட்டாள்.

இரண்டாவது குகையில் அவளே ஒவ்வொரு கட்டியின் பக்கத்திலும் பலகை நட்டாள்: "தாய்க்கல். தொடாதே." அங்கே கிடைத்த ஒரு சில்லும் இரண்டு செம்புக் கட்டியும் சேர்த்துச் செய்த தொலைநோக்கியை இன்னும் வைத்திருக்கிறாள்.

அடுத்த இதழில் அந்த வைர மட்டத்தைத் திருத்திப் போடுங்கள். தாய்க்கல்லுக்கும் இரண்டு வரி ஒதுக்குங்கள். உங்கள் பக்கத்தைப் படித்துவிட்டு அன்றைக்கே சுரங்கத்தில் இறங்கும் பிள்ளைகள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி