மனு பார்க்க மீண்டும் அனுமதி

ஆசிரியருக்கு (கொரோனா காலத்தில் எழுதிய கடிதம்),

கொரோனா குறைந்து, சிறைகளில் மனு பார்க்க, அதாவது கைதிகளை உறவினர்கள் நேரில் சந்திக்க, மறுபடி அனுமதிப்பது நல்ல செய்தி. வீடியோ அழைப்பு இருந்தது உண்மைதான். ஆனால் எங்கள் அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். சிறையில் இருக்கும் என் தம்பியின் முகத்தைப் பக்கத்து வீட்டுப் பெண்ணின் செல்போனில் இரண்டே நிமிடம் பார்த்தார்.

ஆனால் கவனம் வேண்டும். கம்பிவலைக்கு இருபுறமும் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினால் முகக்கவசம் தாடைக்குத்தான் இறங்கும். நேரம் குறித்த டோக்கன் கொடுக்கலாம். காவலர்களுக்கும் தடுப்பூசி முக்கியம். தினமும் வெளியே போய் வருகிறவர்கள் அவர்கள்தானே! புதிய கைதிகளைத் தனியே வைக்க இடம் வேண்டுமா? உச்ச நீதிமன்றம் 23.3.2020-இல் காட்டிய வழியில், சிறு வழக்குக் கைதிகளை இடைக்கால ஜாமீனில் விடுவதைத் தொடரட்டும்.

ஒரு கைதியின் அண்ணன்,
பெரம்பூர், சென்னை.